20 ஜிபி 12 நாள்ல காலி, வீடியோ கால்தான் காரணமா?

மார்ச் 12, இரவு 9.50

அம்மா போன்ல மாசத்துக்கு 20 ஜிபி டேட்டா, 1ஆம் தேதி ஆரம்பிக்கும். இன்னிக்கு 12தான் ஆகுது, காலையிலேயே மொத்தமும் தீர்ந்துபோச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. அவங்க வீட்டுல வைஃபை கிடையாது, எல்லாமே மொபைல் டேட்டாதான். அப்படி என்ன பண்றாங்கன்னு யோசிச்சா, தினம் என்கூட 20 நிமிஷம் வீடியோ கால், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் செய்தி படிக்கிறது, சொந்தக்காரங்க குரூப்ல வர்ற படம். அவ்ளோதான்.

உட்கார்ந்து கணக்கு போட்டேன். ஜூம் சொல்ற அளவுல, ஒருத்தருக்கு ஒருத்தர் பேசுற கால்ல 720பி தரத்துக்கு 1.2 எம்பிபிஎஸ் வேணும். அதாவது செகண்டுக்கு 1.2 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 3600 செகண்ட், பெருக்கினா 4.3 ஜிபி. 12 நாள், தினம் 20 நிமிஷம்னா மொத்தம் 4 மணி நேரம். 17 ஜிபி ஆச்சா, மீதி 3 ஜிபி மத்ததுக்கெல்லாம் போயிருக்கும். கச்சிதமா பொருந்துது.

அதனால அம்மாகிட்ட வீடியோ காலைக் குறைச்சுக்கலாம்மா, நேரம் பாத்து 5 நிமிஷத்துல முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். சரிடான்னாங்க. ஆனா மனசு ஒப்பலை. இங்க யாருக்காவது இதே அனுபவம் இருக்கா? வீடியோ கால் உண்மையிலேயே இவ்ளோ சாப்பிடுமா?

மார்ச் 12, இரவு 11.20

கணக்குல தப்பு. கீழ ஒரு நண்பர் சரியா பிடிச்சிட்டார், ரொம்ப நன்றி. எம்பிபிஎஸ்ல வர்ற எம்பி மெகாபைட் இல்ல, மெகாபிட். 8 பிட் சேர்ந்தாதான் 1 பைட். நெட் வேகத்தை எல்லாரும் பிட்ல சொல்றாங்க, டேட்டா பேக்கை பைட்ல விக்கிறாங்க, நடுவுல இந்த எட்டு வந்து உட்கார்ந்துக்குது.

1.2 மெகாபிட்டை எட்டால வகுத்தா செகண்டுக்கு 0.15 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 540 எம்பி. 4 மணி நேரத்துக்கு 2.2 ஜிபி. 17 எங்க, 2.2 எங்க!

தப்பான கணக்கு அவ்ளோ அழகா 20க்குப் பொருந்தினதுதான் என்னை ஏமாத்திடுச்சு. பொருந்தாம இருந்திருந்தா மறுபடியும் பாத்திருப்பேன்.

மார்ச் 13, காலை 6.40

தூக்கத்துல இருந்து எழுந்ததும் ஞாபகம் வந்துச்சு. அந்த 1.2 ஒரு பக்கத்துக்குதான். என் முகம் அம்மாவுக்கு வர்றது 1.2, அம்மா முகம் எனக்குப் போறது இன்னொரு 1.2. போறதும் வர்றதும் ரெண்டுமே அம்மா பேக்ல கழியும், அப்லோட்னா இலவசம்னு கிடையாது. அப்ப மணிக்கு 1.08 ஜிபி, 4 மணி நேரத்துக்கு 4.3 ஜிபி. இது 720பிக்கு. அதே ஜூம் கணக்குலயே அதுக்கு ஒரு படி கீழ உள்ள தரத்துக்கு 600 கிலோபிட் போதும், அதுல பாத்தா பாதி. போன்ல சின்ன சதுரத்துல தெரியுற முகத்துக்கு இந்தப் பாதி கணக்குதான் சரியா வரும்னு தோணுது.

எப்படிப் பாத்தாலும் 15 ஜிபிக்கு மேல இன்னும் கணக்குல வரலை.

மார்ச் 13, இரவு 10.05

இன்னிக்கு அம்மா சாதா கால்ல கூப்பிட்டாங்க. முகம் காட்டலையான்னு கேட்டா "வேணாம்டா, தீர்ந்துடும்"னாங்க. சரியா அஞ்சாவது நிமிஷம் வச்சிட்டாங்க, பேச்சுக்கு நடுவுலயே. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

நெட் வழியா வெறும் குரல்ல பேசினா எவ்ளோ ஆகும்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க, அதைச் சொல்லிடுறேன். குரலை 20 மில்லிசெகண்ட் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொட்டலமா கட்டி அனுப்புவாங்க, செகண்டுக்கு 50 பொட்டலம். குரலைச் சுருக்கி அடக்குற ஓபஸ்ங்கிற கோடெக் 2012ல பொதுத் தர முறையா ஆச்சு, நெட் கால்ல இன்னிக்கு ரொம்ப புழக்கத்துல இருக்கு. அதுல குரலை 16 கிலோபிட்ல அடக்கினா ஒரு பொட்டலத்துல குரல் 40 பைட். ஆனா பொட்டலத்து மேல எழுதுற விலாசம், வரிசை நம்பர் எல்லாம் சேர்த்து அதுவும் 40 பைட். கடுதாசி எவ்ளோ கனமோ உறையும் அவ்ளோ கனம். அப்படியும் போக வர ரெண்டும் சேர்த்து மணிக்கு 29 எம்பி பக்கம்தான் வருது. முழு மாசமும் தினம் ஒரு மணி நேரம் பேசினாக்கூட 1 ஜிபி தாண்டாது.

மார்ச் 15, மதியம் 3.30

நேர்லயே போயிட்டேன், அம்மா போன் இப்ப என் கையில. செட்டிங்ஸ் உள்ள போய் நெட்வொர்க், அதுக்குள்ள டேட்டா யூசேஜ், அதுக்குள்ள ஆப் வாரியா ஒரு பட்டியல். இதை முதல் நாளே அம்மாவைப் பாக்கச் சொல்லியிருக்கணும், நான் பேப்பர்ல கணக்கு போட்டுட்டு இருந்தேன்.

மேல இருந்து கீழ அப்படியே எழுதுறேன். போட்டோ ஆப் 9.4 ஜிபி. வீடியோ ஆப் 5.8. வீடியோ கால் பேசுற ஆப் 1.7. ஆப் ஸ்டோர் 1.3. பிரவுசர் 0.4. மீதி உதிரி எல்லாம் சேர்ந்து 1.4.

வீடியோ கால் மூணாவது இடம், 1.7தான். நாங்க பேசின மொத்தப் பேச்சும் பத்துல ஒரு பங்குகூட இல்ல.

போட்டோ ஆப்பைத் தட்டினா உள்ள ரெண்டா பிரிச்சுக் காட்டுது, திரையில இருந்தப்போ எவ்ளோ, பின்னணியில எவ்ளோன்னு. திரையில 60 எம்பி. மீதி முழுக்க பின்னணி. அம்மா அந்த ஆப்பைத் திறக்கவே இல்ல, அது பாட்டுக்கு ராத்திரி பகலா ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. பழைய போன்ல இருந்த படம் எல்லாத்தையும் போன மாசக் கடைசியில இந்தப் புது போனுக்கு மாத்தினோம், ரெண்டாயிரத்துச் சொச்சம் படம். ஒரு படம் 4 எம்பின்னு வச்சாலே 9 ஜிபி தாண்டிடுது.

மார்ச் 15, இரவு 11.40

மேல எழுதினதுல ஒரு விஷயத்தை விட்டுட்டேன், அதைச் சொல்லாம தூக்கம் வராது. பேக்கப்ல "மொபைல் டேட்டாவிலும் ஏத்தவும்"ங்கிற ஸ்விட்சை ஆன் பண்ணது நான்தான். அப்பா படம் எல்லாம் அதுல இருக்கு, போன் தொலைஞ்சா படம் போயிடக்கூடாதேன்னு அன்னிக்கு ஆன் பண்ணிட்டு மறந்தே போயிட்டேன். அப்புறம் அம்மாவைப் பாத்து நீ பேசுறதாலதான் தீருதுன்னு சொல்லியிருக்கேன்.

இன்னொண்ணு. சாப்பிட்டு எழுந்தப்போ போன் பக்கத்துல ஒரு நோட்டு கிடந்துச்சு. 12ஆம் தேதிக்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் யார்கூட எத்தனை நிமிஷம் பேசினாங்கன்னு பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. என் பேருக்கு நேரா "5", அடுத்த நாள் "4 1/2". அந்த அரையைப் பாத்ததும் என்னால முடியலை. அங்கேயே உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லி மன்னிப்பு கேட்டுட்டேன். "அட, அதுக்கென்னடா, படமெல்லாம் பத்திரமா இருக்கில்ல"ன்னு கேட்டாங்க. இருக்கும்மா, எல்லாம் ஏறிடுச்சுன்னேன்.

ஸ்விட்சை ஆஃப் பண்ணியாச்சு. இனிமே நான் போறப்போ என் ஹாட்ஸ்பாட்ல ஏத்திடலாம்.

மார்ச் 17, இரவு 9.15

அந்த 5.8 ஜிபி வீடியோ ஆப் விஷயம். அம்மா அவ்ளோ வீடியோ பாக்கவே மாட்டாங்களேன்னு குழம்பிட்டு இருந்தேன், நேத்து காலையில கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணால பாத்தேன். பாட்டைப் போட்டு போனைக் கவிழ்த்து மேசையில வச்சிட்டு வேலையைப் பாக்குறாங்க. கவிழ்த்து வச்சா படம் வராது, டேட்டா மிச்சம்னு நினைச்சிருக்காங்க. படம் வந்துகிட்டேதான் இருக்கு, பாக்கத்தான் ஆள் இல்ல.

வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க. ஸ்பாட்டிஃபைல சாதாரண தரம் 96 கிலோபிட், மணிக்கு 43 எம்பி. ரொம்ப உயர்ந்த தரம் 320 கிலோபிட், அதுவே 144 எம்பிதான். வீடியோன்னா, நெட்ஃப்ளிக்ஸ் தன் பயனாளர்களுக்குச் சொல்ற அளவுப்படி குறைஞ்ச தரத்துல மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்துல 0.7, எச்டில 3 ஜிபி, 4கேல 7 ஜிபி வரைக்கும் போகும். ஒரே ஒரு மணி நேரம் 4கே பாக்குற டேட்டால 48 மணி நேரம் உயர்ந்த தரத்துல பாட்டு கேக்கலாம்.

இதுல இன்னொரு விஷயம், தரத்தை நாம தேர்ந்தெடுக்காம "ஆட்டோ"ல விட்டா ஆப் நெட் வேகத்தைப் பாத்துத் தானே ஏத்திக்கும். சிக்னல் நல்லா இருக்கிற இடத்துல அதே பாட்டுக்கு அதிகமா போகும். நெட் ஸ்லோவா இருந்தாத்தான் டேட்டா வேகமா தீருதுன்னு ஒருத்தர் சொன்னார், வீடியோவைப் பொறுத்தவரைக்கும் நடக்குறது நேர் எதிர். 2020 மார்ச்ல எல்லாரும் வீட்டுல அடைஞ்சு கிடந்தப்போ நெட்வொர்க் தாங்கணும்னு யூடியூப் உலகம் முழுக்க ஆரம்பத் தரத்தையே கொஞ்ச நாளைக்குக் குறைச்சு வச்சாங்க, அந்த ஒரு செட்டிங்குக்கு அவ்ளோ கனம் இருக்கு.

ஒரு பாட்டு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடுறதையும் நிறுத்திட்டேன். அம்மா சில நாள் தூங்கிப்போனதுக்கு அப்புறமும் ஓடிக்கிட்டே இருந்திருக்கும். பாட்டுக்குன்னு தனியா ஒரு ஆடியோ ஆப் போட்டுக் குடுத்திருக்கேன், பிடிச்ச பாட்டையெல்லாம் ஒரு தடவை என் ஹாட்ஸ்பாட்ல இறக்கி வச்சாச்சு. இறக்கி வச்சதை நூறு தடவை கேட்டாலும் பாட்டுக்குன்னு ஒரு எம்பி போகாது.

மார்ச் 18, இரவு 10.30

நிறைய கேள்வி வந்திருக்கு, தெரிஞ்சதைச் சொல்றேன்.

சும்மா படிச்சா டேட்டா போகுமா? போகும், ஆனா எழுத்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கம்மி. நம்ம தமிழ் எழுத்தோட கணக்கு தெரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்கும். போன்ல எழுத்தைச் சேமிக்கிற யுனிகோட்ல, யூடிஎஃப் 8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "அ" 3 பைட். "கி"ன்னா ககரம் ஒண்ணு, மேல உள்ள இகரக் குறி ஒண்ணு, 6 பைட். "காலை வணக்கம்"னு முழுசா அடிச்சா நடுவுல உள்ள இடைவெளியோட சேர்த்து 34 பைட். அதையே பூவும் சூரியனும் போட்ட ஒரு படமா அனுப்பினா அந்தப் படம் 200 கேபின்னே வச்சுக்கங்க, அந்த டேட்டால 5,800 தடவைக்கு மேல கையால அடிச்சு அனுப்பலாம். செய்திப் பக்கத்துல தீருறது படத்துக்கும், தானா ஓடுற வீடியோவுக்கும், விளம்பரத்துக்கும்தான். நாம படிக்க வந்த எழுத்துக்கு இல்ல.

படிச்சிட்டு இருக்கிற பக்கத்தை அப்படியே திறந்து வச்சிருந்தா? பக்கம் முழுசா இறங்கிட்டா பெரும்பாலும் அதோட சரி. ஆனா தானா புதுப்பிக்கிற ஸ்கோர் பக்கம், மாறி மாறி வர்ற விளம்பரம் இருக்கிற பக்கம்னா அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே இருக்கும்.

நோட்டிஃபிகேஷன்? பயப்படவே வேணாம். ஆப்பிளோ கூகுளோ, ரெண்டு பேர் வழியிலயும் ஒரு நோட்டிஃபிகேஷனுக்கு 4 கேபிதான் உச்சவரம்பு. கூடவே படம் வந்தா அது தனி.

ஜிபிஎஸ்? இது எனக்கே ரொம்ப நாளா தப்பாத் தெரிஞ்சிருந்த விஷயம். இருப்பிடம் கண்டுபிடிக்க டேட்டா அநேகமா தேவையே இல்ல, போன் சேட்டிலைட் சிக்னலைக் கேக்குது, அவ்ளோதான், ரேடியோ கேக்குற மாதிரி. சீக்கிரமா கண்டுபிடிக்க உதவியா கொஞ்சூண்டு எடுக்கும். டேட்டா போறது மேப் படத்துக்கும் டிராஃபிக் தகவலுக்கும். போற பகுதியோட மேப்பை முன்னாடியே இறக்கி வச்சா வழியில ரொம்பக் கம்மியா போகும்.

மறைமுக விண்டோல, அதாவது இன்காக்னிட்டோல திறந்தா மிச்சமாகுமா? ஆகாது, கூடத்தான் போகும். சாதாரணமா ஒரு தளத்தோட லோகோ, எழுத்துரு, நிரல் எல்லாம் ஒரு தடவை வந்தா போன்ல தங்கிடும், அடுத்த தடவை அங்கிருந்தே எடுத்துக்கும், இதைத்தான் கேஷ்ங்கிறாங்க. இன்காக்னிட்டோல விண்டோவை மூடினதும் எல்லாம் போயிடும், மறுபடி முதல்ல இருந்து இறக்கணும். இதே காரணத்துக்காகத்தான் தினம் கேஷ் கிளியர் பண்றதும் டேட்டாவுக்கு நல்லதில்ல. போன்ல இடம் மிச்சமாகும், டேட்டா செலவாகும்.

விபிஎன், அதாவது நம்ம டேட்டாவைப் பூட்டி வேற சர்வர் வழியா அனுப்புற ஆப், போட்டா கணக்குல ஏறாதுன்னு யாரோ எழுதியிருந்தீங்க. அது எங்க போறீங்கன்னு மறைக்கும், எவ்ளோ போகுதுன்னு மறைக்காது. ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் இன்னொரு உறை போடுறதால கொஞ்சம் கூடவே ஆகும்.

மார்ச் 19, காலை 8.10

நேத்து விட்டுப்போன ஒண்ணு, ஸ்பீட் டெஸ்ட். நெட் வேகமா இருக்கான்னு பாக்க நாளுக்கு நாலு தடவை அழுத்துறவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. அந்த டெஸ்ட் உங்க லைன்ல எவ்ளோ தள்ள முடியுமோ அவ்ளோ தள்ளித்தான் வேகத்தை அளக்குது. 100 மெகாபிட் லைன்ல 15 செகண்ட் ஓடினா இறக்குறதுக்கு மட்டும் 187 எம்பி. லைன் எவ்ளோ வேகமோ அவ்ளோ அதிகம். அம்மாவோட அரை மணி நேர வீடியோ காலுக்கு ஆகுறதை ஒரே அழுத்துல கொட்டிடுறீங்க.

மார்ச் 22, மாலை 5.00

இந்த வாரம் என் போன் டேட்டாவும் போச்சு. லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் குடுத்துட்டு ஒரு மெயில் அனுப்பினேன், அதுக்குள்ள 2 ஜிபிக்கு மேல. லேப்டாப்பைப் பொறுத்தவரைக்கும் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான், நல்ல லைன் கிடைச்சிடுச்சுன்னு தள்ளி வச்சிருந்த அப்டேட் எல்லாத்தையும் இறக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த வைஃபை பேரைத் தட்டி உள்ள போனா இது அளவு உள்ள இணைப்புன்னு சொல்றதுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், "மீட்டர்டு" இல்லன்னா "லோ டேட்டா"ன்னு பேர் இருக்கும். ஹாட்ஸ்பாட் குடுக்குறதுக்கு முன்னாடி அதை ஆன் பண்ணிடுங்க.

அந்த மெயில் விஷயமும் சொல்லணும். இணைச்ச ஃபைல் 9 எம்பி, போனது 12 எம்பி. மெயில் முறை எழுத்துக்காக உருவானது, ஃபைலை அப்படியே அனுப்பாம எழுத்தா மாத்தி அனுப்பும், மூணு பைட்டுக்கு நாலு எழுத்து. மூணுல ஒரு பங்கு தானா கூடிடும்.

போன்லயும் இதே மாதிரி மொத்தமா கட்டுப்படுத்த வழி இருக்கு. ஆண்ட்ராய்டுல டேட்டா சேவர், 2016ல வந்த 7ஆம் பதிப்புல இருந்து. ஐபோன்ல லோ டேட்டா மோட், 2019ல வந்த ஐஓஎஸ் 13ல இருந்து. ஆன் பண்ணா பின்னணி வேலையெல்லாம் அடங்கும். அம்மா போன்ல ஆன் பண்ணிட்டு கால் ஆப்பை மட்டும் விதிவிலக்குல போட்டிருக்கேன், நம்ம கால் வந்தா தவறாம அடிக்கணும்.

மார்ச் 23, காலை 7.00

போன் காட்டுறதும் கம்பெனி காட்டுறதும் ஒத்து வரலைன்னு கேட்டவருக்கு: ஒருத்தர் 1000ஆல வகுப்பாங்க, ஒருத்தர் 1024ஆல. ஜிபி அளவுக்கு வர்றப்போ அந்த வித்தியாசம் 7 சதவீதம் தாண்டிடும், 20 ஜிபிக்கு ஒன்றரை ஜிபி பக்கம். அதைவிட முக்கியமா, உங்க பேக் எந்தத் தேதியில ஆரம்பிக்குதோ அதே தேதியைப் போன்லயும் செட் பண்ணுங்க. பல போன் தானா 1ஆம் தேதியில இருந்துதான் எண்ணும்.

மார்ச் 29, இரவு 10.15

ஒரு சந்தேகம் தீர்ந்துச்சு, எழுதி வைக்கிறேன். அம்மா பேசுறப்போ சில நேரம் போனை மேசையில படுக்கப் போட்டுடுவாங்க, எனக்கு மேல விட்டம்தான் தெரியும். அப்ப டேட்டா குறையுமான்னு பாத்தேன். குறையுது. வீடியோல ஒவ்வொரு படத்தையும் முழுசா அனுப்ப மாட்டாங்க, முந்தின படத்துல இருந்து மாறினதை மட்டும்தான் அனுப்புவாங்க. அசையாத விட்டத்துல மாற ஒண்ணும் இல்ல. மின்விசிறி சுத்திக்கிட்டு இருந்தா கொஞ்சம் கூடும்.

ஆனா எனக்கு விட்டம் வேணாம்மா, முகம்தான் வேணும்னு சொல்லிட்டேன்.

ஏப்ரல் 12, இரவு 10.20

சரியா ஒரு மாசம். கேட்டவங்களுக்காக அதே பட்டியலை மறுபடி எழுதுறேன், இந்தத் தடவை படிச்சுச் சொன்னது அம்மா. செட்டிங்ஸ் உள்ள எங்க போகணும்னு அந்தப் பென்சில் நோட்டுலயே வரிசையா எழுதிக்கிட்டாங்க, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவங்களே போயிட்டாங்க.

12 நாள்ல மொத்தம் 7.1 ஜிபி. போட்டோ ஆப் 0.1. வீடியோ ஆப் 1.2. ஆப் ஸ்டோர் 0.5. பிரவுசர் 0.4, அது மாறவே இல்ல. உதிரி 1.0.

வீடியோ கால் 3.9 ஜிபி, பட்டியல்ல முதல் இடம். "இதுதான் ரொம்ப ஜாஸ்தியா காட்டுதே, குறைச்சுக்கவா?"ன்னு கேட்டாங்க. வேணாம்மா, இன்னும் 13 ஜிபி இருக்குன்னேன். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்.